தலசீமியாவும் உயிரணுவின் ஆர்.என்.ஏ. அழிப்பு அமைப்பும்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

பீட்டா தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் ஓர் இரத்த நோய். இந்நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும், 'தலசீமியா மைனர்' என்று பரிசோதனையில் அறிந்தவர்களுக்கும், திருமணம் அல்லது மகப்பேறு குறித்து முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'முன்கூட்டிய நிறுத்தக் குறி' என்பது போன்ற சொற்கள் இருந்தால் அவற்றுக்கு என்ன பொருள், அவை உங்கள் குடும்பத்துக்கு எவ்வகையில் முக்கியமானவை என்பதை இங்கே அறியலாம்.

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர் வட்டாரத்தில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில், பெற்றோரிடமிருந்து நான் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எங்கள் இருவருக்கும் ஒரு நோயும் இல்லையே, குழந்தைக்கு மட்டும் மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டியிருப்பது ஏன்?" 'இருவரிடமும் மரபணுக் குறை உள்ளது' என்ற விடை சரியானதே. எனினும் அது கேள்வியைத் தீர்ப்பதில்லை. குறையுள்ள மரபணு உடலில் இருந்தும் பெற்றோர் எவ்வாறு நலமாக இருக்கின்றனர் என்பதே அக்கேள்வியின் உட்பொருள். அதற்கு விடை, ஒவ்வோர் உயிரணுவிலும் இடையறாது இயங்கும் ஒரு புரதக் கூட்டமைப்பில் இருக்கிறது.

மூலப் பத்திரமும் நகலும்

இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களுக்குப் பின் நம் உடலில் இருக்கும் ஹீமோகுளோபினின் பெரும்பகுதி, இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் இணைந்து உருவானது. பீட்டா சங்கிலிக்கான செய்தி 11-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என அம்மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும்.

மரபணுவைப் பெட்டகத்தில் வைத்த மூலப் பத்திரமாகக் கருதுங்கள். மூலப் பத்திரத்தை நாம் வெளியே எடுத்துச் செல்வதில்லை. நகல் எடுத்தே பயன்படுத்துகிறோம். உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் நகல்தான் தூது ஆர்.என்.ஏ. இந்த நகல் உட்கருவை விட்டு வெளியே வந்ததும் ரைபோசோம் என்னும் அமைப்பு அதனை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக் குறிக்கும் ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் சங்கிலியைக் கோக்கிறது. பீட்டா சங்கிலிக்கு 146 அமினோ அமிலங்கள் தேவை. அவை முடிந்தபின் 147-ஆவது இடத்தில் நிறுத்தக் குறி இருக்கும். அங்கே ரைபோசோம் வேலையை முடித்து விலகும்.

மரபணு மாற்றத்தால் இந்த நிறுத்தக் குறி பாதிவழியிலேயே தோன்றிவிடலாம். இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றங்களுள் ஒன்றில், 41, 42-ஆவது குறிகள் இருக்குமிடத்தில் நான்கு எழுத்துகள் உதிர்ந்து விடுகின்றன. அதன்பின் மூன்று மூன்றாகப் பிரிக்கும் வரிசையே பிறழ்ந்து, 59-ஆவது இடத்தில் நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. வேறொரு மாற்றத்தில் 15-ஆவது குறியில் ஓர் எழுத்து மட்டும் மாறி, அந்த இடமே நிறுத்தக் குறியாகிறது.

பிழையான நகல் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

59-ஆவது இடத்தில் நின்றுவிடும் நகலைப் படித்தால் அரைகுறைச் சங்கிலி உருவாகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் இத்தகைய நோயாளிகளின் அணுக்களில் அரைகுறைச் சங்கிலி மட்டுமன்றி, அதற்குரிய தூது ஆர்.என்.ஏ.வும் பெரும்பாலும் காணப்படுவதில்லை. நிறுத்தக் குறியால் தலசீமியா ஏற்படுவதை 1979-இல் சாங், கான் ஆகியோர் முதன்முதலில் மனிதரில் காட்டினர். பீட்டா தலசீமியாவில் அந்த நகல்கள் நிலைக்காமல் விரைவில் அழிந்துவிடுவதை லின் மாக்குவாட்டும் அவருடைய குழுவினரும் 1981-இல் வெளியிட்டனர். அதே காலத்தில் ஈஸ்ட் அணுக்களிலும் இதே நிகழ்வு கண்டறியப்பட்டது. இன்று இந்த ஏற்பாடு 'பொருளற்ற குறியால் தூண்டப்படும் ஆர்.என்.ஏ. சிதைவு' என்று குறிக்கப்படுகிறது. உயிரியலின் ஓர் அடிப்படை ஏற்பாடு தலசீமியா நோயாளிகளின் இரத்தத்தின் வழியே உலகுக்குத் தெரியவந்தது என்பதைக் குறிப்பிடுவது பொருந்தும்.

உயிரணுவுக்கு எழுத்தறிவு இல்லை. 59-ஆவது இடத்தில் இருப்பது தவறான நிறுத்தம், 147-ஆவது இடத்தில் இருப்பது சரியான நிறுத்தம் என்று அது எவ்வாறு பிரித்தறிகிறது? பத்திர ஒப்புமையையே தொடர்வோம். பல தாள்களை ஒட்டிய ஆவணத்தில், ஒட்டிய இடந்தோறும் முத்திரை இடும் வழக்கம் உண்டு. மரபணுவிலிருந்து எடுக்கப்படும் முதல் நகலிலும் வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கி, வேண்டிய பகுதிகளை ஒட்டும் பணி உட்கருவில் நடைபெறுகிறது. பீட்டா குளோபின் நகலில் வேண்டிய பகுதிகள் மூன்று, ஆகவே ஒட்டிய இடங்கள் இரண்டு. ஒவ்வோர் ஒட்டுக்கும் ஏறத்தாழ 20 முதல் 24 எழுத்துகள் முன்பாக ஒரு புரதத் தொகுதி முத்திரை போல் அமர்ந்துகொள்கிறது. அதன் நடுவே நகலைப் பற்றிக்கொள்ளும் புரதத்தின் பெயர் இ.ஐ.எஃப்.4ஏ3. மேகோ, ஒய்14 என்னும் இரண்டு புரதங்கள் இணையாகச் சேர்ந்து, அந்தப் பிடி தளராமல் பூட்டி வைக்கின்றன.

ரைபோசோம் முதன்முறை நகலைப் படித்துச் செல்லும்போது வழியில் உள்ள முத்திரைகளைத் தள்ளி அகற்றிக்கொண்டே போகும். இயல்பான நிறுத்தக் குறி கடைசி ஒட்டுக்கும் அப்பால் இருப்பதால், ரைபோசோம் அங்கே நிற்கும்போது எந்த முத்திரையும் மிஞ்சியிருக்காது. நிறுத்தக் குறி முன்னதாகவே வந்துவிட்டால் ரைபோசோம் பாதியில் நிற்கும், முன்னே ஒரு முத்திரை கலையாமல் இருக்கும். இதுவே பிழைக்கான அடையாளம். கடைசி ஒட்டுக்கு 50 முதல் 55 எழுத்துகளுக்கும் அதிகமாக முன்னால் நிறுத்தக் குறி அமைந்தால் அந்த நகல் அழிவுக்கு உரியது என்பது பொதுவிதி.

அழிக்கும் அமைப்பும் அதன் கட்டுப்பாடும்

நல்ல நகலை அழித்துவிட்டால் உயிரணுவுக்கே கேடு. எனவே இந்த அமைப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூட்டுகள் உள்ளன.

இதன் மையப் புரதம் யு.பி.எஃப்.1. ஆர்.என்.ஏ. இழையின் மீது ஊர்ந்து சென்று அதன் மடிப்புகளை விரிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனால் இயல்பு நிலையில் இதன் உடலின் ஒரு பகுதியே மற்றொரு பகுதியை அழுத்தி அந்த ஆற்றலை அடக்கி வைத்திருக்கிறது. முத்திரையில் யு.பி.எஃப்.3 என்னும் புரதமும், அதனோடு யு.பி.எஃப்.2 என்னும் புரதமும் இணைந்திருக்கும். நின்றுபோன ரைபோசோமின் அருகில் இருக்கும் யு.பி.எஃப்.1-ஐ யு.பி.எஃப்.2 தொடும்போது அழுத்திக்கொண்டிருந்த பகுதி விலகுகிறது. இது முதற்பூட்டு.

அடுத்து எஸ்.எம்.ஜி.1 என்னும் நொதி யு.பி.எஃப்.1-இன் இரு முனைகளிலும் பாஸ்பேட்டுகளைச் சேர்க்க வேண்டும். எஸ்.எம்.ஜி.8, எஸ்.எம்.ஜி.9 என்னும் இரண்டு புரதங்கள் உரிய வேளை வரும்வரை அந்நொதியைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. பாஸ்பேட்டு சேர்ந்தபிறகுதான் அழிக்கும் புரதங்கள் வந்து சேர முடியும். எஸ்.எம்.ஜி.6 பிழையான நிறுத்தக் குறிக்கு அருகிலேயே நகலை இரண்டாக வெட்டுகிறது. எஸ்.எம்.ஜி.5, எஸ்.எம்.ஜி.7 ஆகியவை நகலின் இரு நுனிகளிலும் உள்ள காப்புகளை நீக்கும் நொதிகளை அழைத்து வருகின்றன. காப்பு இழந்த துண்டுகளை ஒரு நுனியிலிருந்து எக்ஸ்.ஆர்.என்.1 என்னும் நொதி அரித்துச் செல்லும். மறுநுனியிலிருந்து எக்சோசோம் என்னும் தொகுதி அழிக்கும். ஒன்பது புரதங்கள் பீப்பாய் வடிவில் அடுக்கப்பட்டு, நடுவே ஒரு குறுகிய துளையுடன் அமைந்தது எக்சோசோம். ஆர்.என்.ஏ. இழை அந்தத் துளையில் நூல் போல நுழைந்து சென்று, அடியில் உள்ள நொதியால் எழுத்தெழுத்தாகக் கத்தரிக்கப்படும். மடிந்து சுருண்டிருக்கும் பிற ஆர்.என்.ஏ.க்கள் அத்துளையில் நுழைய இயலாது என்பதால், அதன் வடிவமே ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது.

வேலை முடிந்தபின் வேறொரு நொதி யு.பி.எஃப்.1-இலிருந்து பாஸ்பேட்டுகளை நீக்கி, மறுமுறை பயன்படுமாறு ஆக்கும். உயிரணு கடும் நெருக்கடியில் இருக்கும்போது இந்த அமைப்பின் வேகம் குறைக்கப்படுகிறது. இதன் புரதங்களுக்கான நகல்களுள் சிலவற்றையும் இதே அமைப்பு அழித்துத் தன் அளவைத் தானே சீராக வைத்துக்கொள்கிறது. இத்தனை பெயர்களையும் நீங்கள் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. 'முத்திரை எஞ்சியிருந்தால் நகல் அழியும்' என்பதை மட்டும் மனத்தில் கொண்டால் அடுத்த பகுதி விளங்கும்.

மைனர், மேஜர்: வேறுபாடு எங்கே?

உங்களிடம் உள்ள இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இத்தகைய மாற்றம் இருந்தால், அதன் நகல்கள் அழிக்கப்படும். மற்றப் பிரதியின் நகல்கள் வழக்கம்போல் படிக்கப்பட்டுப் பீட்டா சங்கிலிகள் உருவாகும். அரைகுறைச் சங்கிலிகள் சேர்ந்து அணுவைக் கெடுக்கும் நிலை ஏற்படுவதில்லை. ஆகவே உங்கள் சிவப்பணுக்கள் சற்றுச் சிறியனவாகவும், ஹீமோகுளோபின் அளவு சற்றுக் குறைவாகவும் இருக்கலாமே தவிர, நீங்கள் இயல்பான வாழ்வு வாழ்வீர்கள். இதுவே தலசீமியா மைனர். இது நோயன்று. இதற்குச் சிகிச்சையும் வேண்டியதில்லை. பெற்றோர் நலமாக இருப்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்: பிழையான நகலை அவர்களின் உடல் ஓசையின்றி அகற்றிக்கொண்டே இருக்கிறது.

குழந்தைக்கு இரு பிரதிகளிலும் மாற்றம் இருந்தால் நிலைமை வேறு. அழிப்பதற்குரிய நகல்களே உள்ளன, படிப்பதற்கு நல்ல நகல் இல்லை. பீட்டா சங்கிலி இல்லாததால் ஆல்ஃபா சங்கிலிகள் துணையின்றித் தேங்கி, எலும்பு மஜ்ஜையிலேயே சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. கருவில் இருந்தபோது உருவான வேறுவகை ஹீமோகுளோபின் சில மாதங்கள் குழந்தையைக் காக்கும். அதனால்தான் பிறந்தபோது நலமாக இருந்த குழந்தை, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் வெளிறி, பால் குடிக்காமல், வயிறு பருத்து மருத்துவமனைக்கு வருகிறது. தாய் செய்த எதனாலும், உண்ட எதனாலும் இது வருவதில்லை.

அறிக்கையில் எண்ணைப் பார்ப்பது ஏன்?

முத்திரை விதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மூன்றாம் பகுதியில், அதாவது கடைசி ஒட்டுக்குப் பின்னால், தவறான நிறுத்தக் குறி தோன்றினால் ரைபோசோமுக்கு முன்னே முத்திரை எதுவும் இராது. பிழை கண்டறியப்படாமல் தப்பிவிடும். 121-ஆவது குறி நிறுத்தக் குறியாக மாறுவது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அந்த நகல் அழியாமல் படிக்கப்பட்டு, நீண்ட ஆனால் பயனற்ற சங்கிலி உருவாகிறது. அச்சங்கிலிகள் ஆல்ஃபா சங்கிலிகளுடன் சேர்ந்து படிந்து அணுக்களைச் சிதைக்கின்றன. எனவே ஒரே பிரதியில் மாற்றம் இருந்தாலும் இரத்தசோகை, மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம் ஆகியவை ஏற்படும். இவ்வகை அரிது. ஆனால் இதில் பெற்றோருள் ஒருவருக்கு மட்டும் மாற்றம் இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மற்றவகையில் இருவரும் மைனராக இருந்தால்தான் அபாயம், அதுவும் நான்கில் ஒன்று. மரபணு ஆலோசகர் உங்கள் அறிக்கையில் குறியின் எண்ணைத் தேடுவது இதனால்தான்.

விதிக்கு விலக்குகளும் உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட 15-ஆவது குறி நகலின் தொடக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே நிற்கும் நகல்கள் அழிவிலிருந்து ஓரளவு தப்புகின்றன. ஆயினும் உருவாகும் துண்டு மிகச் சிறியதாகையால் தீங்கு செய்வதில்லை. அதைத் தாங்குபவர் மைனராகவே இருப்பார். இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படுவது ஐ.வி.எஸ். 1-5 என்று அறிக்கையில் குறிக்கப்படும் மாற்றம். அதில் பிழை நிறுத்தக் குறியில் இல்லை, ஒட்டும் இடத்தில் உள்ளது. தவறாக ஒட்டப்படும் நகல்கள் பயன்படாமல் போகின்றன, சிறிதளவே சரியான நகல் கிடைக்கிறது. ஒரே மாற்றம் உடைய இரு குழந்தைகளிடையே நோயின் கடுமை வேறுபடுவதும் உண்டு. கருநிலை ஹீமோகுளோபின் எவ்வளவு நீடிக்கிறது, ஆல்ஃபா மரபணுவிலும் குறை உள்ளதா என்பவை அதற்கான முக்கியக் காரணங்கள்.

இந்த அமைப்பைத் தடுத்து நோயைத் தீர்க்க முடியுமா?

இணையத்தில் படித்துவிட்டு இவ்வாறு கேட்பவர்கள் உண்டு. நகல் அழிவதைத் தடுத்தாலும் அதில் பிழை இருந்துகொண்டே இருக்கும். கிடைப்பது அரைகுறைச் சங்கிலிதான், 121-ஆவது குறியைப் பற்றிப் படித்தபோது அதன் விளைவைக் கண்டீர்கள். மேலும் இந்த அமைப்பு பிழையற்ற பல மரபணுக்களின் நகல்களையும் அளவாக வைத்திருக்கிறது. யு.பி.எஃப்.3பி என்னும் மரபணுவில் குறை உள்ள குடும்பங்களில் ஆண்குழந்தைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடு ஏற்படுகிறது. ரைபோசோம் தவறான நிறுத்தக் குறியைத் தாண்டிச் செல்லுமாறு தூண்டும் மருந்துகள் பிற நோய்களுக்காக ஆராயப்பட்டுள்ளன. தலசீமியாவுக்கு அவை நடைமுறைச் சிகிச்சை ஆகவில்லை. 'ஆர்.என்.ஏ. மருத்துவம்' என்று விளம்பரம் செய்வோரிடம் பணம் செலுத்துவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உறவில் திருமணமும் பரிசோதனையும்

இந்தியாவில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா மைனர் என மதிப்பிடப்படுகிறது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் நம் மாநிலத்தில் பரவலாக உள்ளது. ஒருவர் மைனர் எனில், அவருடைய அத்தை மகளோ மாமன் மகளோ அதே மாற்றத்தைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அக்காள் மகளாயின் நான்கில் ஒன்று. மேற்கண்ட பொதுவிகிதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. உறவில் மணம் செய்யக் கூடாது என்று இப்பக்கம் கூறவில்லை. நிச்சயம் செய்வதற்கு முன் இருவரும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றே கூறுகிறது. ஜாதகம் பார்க்கும் நாளிலேயே இதையும் முடித்துவிட்டால் பின்னர் வரும் பல கலக்கங்களைத் தவிர்க்கலாம்.

முதற்பரிசோதனை முழு இரத்த எண்ணிக்கை. சிவப்பணுவின் பருமன் 80-க்குக் குறைவாக இருந்தால் எச்.பி.எல்.சி. என்னும் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்ப்பர். அது 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது மைனர் நிலையைக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு உடனிருந்தால் இந்த அளவு தாழ்ந்து காணப்படக்கூடும் என்பதால் முடிவை மருத்துவரே கூற வேண்டும். மைனர் நிலையால் வரும் இலேசான சோகை இரும்புச்சத்து மாத்திரையால் தீராது. கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவர் கூறாமல் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கணவன் மனைவி இருவரும் மைனர் என்று தெரிந்தால் ஒவ்வொரு கருவுறுதலிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்புவர் என்று பொருளன்று. கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். கருவின் நிலையை 10 முதல் 12 வாரங்களுக்குள் நச்சுக்கொடித் திசுவைக் கொண்டு அறியலாம். ஹீமோகுளோபின் நோய்களுக்காக இப்பரிசோதனை செய்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பாலினம் கூறுவதை அது தடை செய்கிறது. கருவுற்றது தெரிந்தவுடன் வந்தால்தான் இதற்குக் காலம் போதும். வளைகாப்புக்குப் பின் வருபவர்களுக்கு எங்களால் செய்யக்கூடியது குறைவு.

சிகிச்சையும் உதவியும்

மேஜர் நிலையில் உள்ள குழந்தைக்கு 2 முதல் 5 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9 முதல் 10.5 கிராமுக்குள் இருப்பது நோக்கம். ஒவ்வோர் அலகு இரத்தத்திலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடல் நாளொன்றுக்கு வெளியேற்றுவதோ 1 மில்லிகிராம் அளவே. மிஞ்சும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் சேரும். அதை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் போன்ற மருந்தைக் குழந்தை நலமாகத் தோன்றும் நாளிலும் நிறுத்தக் கூடாது. இரத்தம் ஏற்றத் தவறுவதில்லை, மாத்திரைதான் தவறுகிறது என்பது என் அனுபவம்.

இந்நோயை முற்றிலும் நீக்கக்கூடிய சிகிச்சையாக நீண்டகாலமாக வழங்கப்பட்டு வருவது எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இது செய்யப்பட்டு வருகிறது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தி, கல்லீரல் கெடுவதற்கு முன், சிறுவயதிலேயே செய்யும்போது பலன் மிகுதி. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இந்திய அரசின் தலசீமியா பால் சேவா திட்டத்தின் கீழ் 10 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தலசீமியாவையும் உள்ளடக்கியது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் காரைக்குடி அரசு மருத்துவமனையையோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். வரும்போது குழந்தையின் பழைய அறிக்கைகளோடு தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள் அனைவரையும் அழைத்து வாருங்கள். குழந்தைக்கு இரத்தம் ஏற்றியபின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வரை எச்.பி.எல்.சி. முடிவில் கொடையாளரின் ஹீமோகுளோபினும் கலந்திருக்கும். எனவே முதல் இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே பரிசோதனைக்கு மாதிரி எடுக்குமாறு கேளுங்கள். அந்த வாய்ப்பு கடந்துவிட்டிருந்தால் பெற்றோர் இருவரின் மாதிரிகளைக் கொடுங்கள்.